பௌர்ணமி ஞாயிறு

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்கிறவர்கள் எல்லாரும் நாள் குறிக்க என்னிடம்தான் வருவார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் மந்தைவெளியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஏழாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுக் காஜா போட உட்கார்ந்தவன். எனக்கு இருக்கிற ஒரே ஆசை, படகில் போய்த் தூண்டில் போடுவது. இருக்கிற ஒரே வியாதி, கவலை. இரண்டும் ஒரே ஆளுக்கு வரக்கூடாது. வந்துவிட்டது. அதனால் மற்றவர்கள் தூண்டில் ராடும் ரீலும் வாங்கிச் சேர்த்த வருஷங்களில் நான் காற்றையும் அலையையும் நிலாவையும் படித்துக்கொண்டிருந்தேன். போனில் கடலைக் காட்டுகிற ஆப் இருக்கிறது. எல்லாம் இங்கிலீஷ். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். அலை எவ்வளவு உயரம் என்று மட்டும் பார்த்தால் போதாது, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் எத்தனை செகண்டு என்று பார்க்க வேண்டும். ஏழெட்டு செகண்டு என்றால் நம்மூர்க் காற்று கிளப்பிய அலை. பதினாறு, பதினேழு என்றால் எங்கோ தெற்கே, பெயர் தெரியாத கடலில் கிளம்பி, நாள்கணக்காக வந்துகொண்டிருக்கிற அலை. நடுக்கடலில் அது இருப்பதே தெரியாது. கரைக்கு வந்ததும் எழுந்து நிற்கும்.

இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

சிரிக்கிறவர்கள் மூன்று பேர். ஒருவர் என் தங்கையின் கணவர். நான் அவரை மச்சான் என்பேன், அவரும் என்னை அப்படித்தான். தரமணிக்கு ஆபீஸ் பஸ் ஓட்டுகிறார். நீச்சல் தெரியாது. தெரியாது என்பதை ஏதோ பட்டம் வாங்கியது போல் சொல்லிக்கொள்வார். இன்னொருவர் மயிலாப்பூர்க் கணக்கு வாத்தியார். சார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மீன் சாப்பிட மாட்டார், பிடிக்க மட்டும் செய்வார். பிடித்ததை எங்களிடம் கொடுத்துவிட்டு, பையில் கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தைக் கையில் பரபரவென்று தேய்த்துக் கழுவிக்கொண்டு, வாக்கிங் போய்விட்டு வந்தவர் மாதிரி வீட்டுக்குப் போவார். மூன்றாவது ஆள் படகுக்காரர். சாந்தோம் பக்கத்துக் குப்பம். வாரம் முழுக்க வலைக்குப் போகிறவர், மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் மூன்று பேரை ஏற்றிக்கொள்வார். சாயங்காலம் சர்ச்சில் பூசைக்குத் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்பது.

ஏன் ஞாயிறு? பஸ்ஸுக்கு அன்றுதான் லீவு. பள்ளிக்கூடத்துக்கும் அன்றுதான், சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் வைத்துவிடுகிறார்கள். கடலுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. அதற்கு நிலாதான் கணக்கு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணீர் அதிகமாக ஏறும், அதிகமாக இறங்கும், அடியில் ஓட்டம் பலமாக இருக்கும். அரை நிலா நாட்களில் அது சோம்பேறியாகக் கிடக்கும். எங்களைப் போல அடியில் ஈயத்தை இறக்கிச் சங்கரா மீனுக்கும் பாறை மீனுக்கும் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அந்தச் சோம்பேறித் தண்ணீர்தான் வேண்டும். எங்கள் வீட்டில் பிறைக் கணக்கு எப்போதும் ஞாபகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். பிறை ஏழு, எட்டு என்றால் என் கை தானாக ராடைத் துடைக்க ஆரம்பித்துவிடும்.

அந்த ஆனி மாதம் அப்படி ஒரு ஞாயிறு வந்தது. காற்றும் இல்லை, தூரத்து அலையும் இல்லை, அரை நிலா. பத்து நாள் முன்னாலேயே பார்த்து வைத்திருந்தேன். புதன்கிழமை சாயங்காலம் சார் பேண்ட் வாங்கக் கடைக்கு வந்தார். மச்சான் ஏற்கெனவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"சார், வர்ற ஞாயிறு. தண்ணி இழுக்காது. ஈயம் போட்ட எடத்துல நிக்கும்," என்றேன்.

சார் சுவரில் இருந்த தினசரி காலண்டரைப் புரட்டினார். "அன்னிக்கு அஷ்டமி, பாய்."

"அதான் சார் வேணும். அதனாலதான் தண்ணி அடங்கிக் கெடக்கும்."

"அஷ்டமியன்னிக்குக் கிளம்பறதாவது? ஆத்துல தெரிஞ்சா தொலைச்சுடுவா."

"நீங்க மீன் புடிக்கிறதே ஆத்துல தெரியாது சார்!" என்றார் மச்சான்.

"தெரியாமப் பண்றதுக்கும் நாள் பாக்கணுமோல்லியோ?"

மச்சான் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அடுத்த கணக்கு தெரிந்துவிட்டது. ஒரு ஞாயிறு அஷ்டமியில் விழுந்தால் அடுத்த ஞாயிறு பௌர்ணமி பக்கம் போய் நிற்கும். அதற்கடுத்தது தேய்பிறை அஷ்டமி. அதற்கடுத்தது அமாவாசை. அமாவாசைக்குச் சாருக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம். இரண்டு அஷ்டமியும் ஒரு அமாவாசையும் போனால் மிச்சம் என்ன?

"அப்போ பௌர்ணமி. மேட்டரு முடிஞ்சிது," என்றார் மச்சான்.

"பௌர்ணமில தண்ணி ஓடும் மச்சான்."

"ஓடட்டும். நாம இன்னா அத்த நிறுத்தவா போறோம்? பின்னாலயே போய்க்கினு இருப்போம்."

"இந்த மாசம் வேணாம். அடுத்த மாசம் பாக்கலாம்."

"இன்னா மச்சான் நீ! போன தபா காத்துன்னே, முந்தின தபா மேகம்னே, அதுக்கு முன்னால இன்னா சொன்னே? ஆங், ஜெல்லி மீனு! ஜெல்லி மீனுக்குப் பயந்து ட்ரிப்ப கான்சல் பண்ண ஒரே ஆளு மெட்ராஸ்லயே நீதான்."

அந்த வருஷம் நான் நான்கு பயணங்களை நிறுத்தியிருந்தேன். உண்மை. அதில் இரண்டு தடவை நான் சொன்னது சரியாக இருந்தது. ஒரு தடவை மதியத்துக்கு மேல் காற்று திரும்பி, போன படகுகள் எல்லாம் திணறிக்கொண்டு வந்தன. அது யாருக்கும் ஞாபகம் இல்லை. நடக்காத விபத்தை யார் பார்த்தார்கள்? நான் சொன்னது தவறிப்போன இரண்டு நாட்கள் மட்டும் தேதி கிழமையோடு ஞாபகம். அந்த இரண்டு நாளும் மச்சான் கரைக்குப் போய், தட்டு மாதிரி கிடந்த கடலைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். கீழே ஒரு குடைப் படம்.

பௌர்ணமி ஞாயிறு என்று இரண்டு பேரும் முடிவு செய்து, படகுக்காரருக்கும் போனில் சொல்லிவிட்டார்கள். நான் மெஷினில் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் முதல் நாள் சாயங்காலம் என் தங்கை எனக்குப் போன் செய்வாள். "நாளைக்குக் கடல் எப்டிண்ணே கீது?" என்று கேட்பாள். வேறு எதுவும் கேட்க மாட்டாள். அவளுக்கு ஆப் தெரியாது, காலண்டர் வேண்டாம். நான் சரி என்றால் அவருக்கு டிபன் கட்டிக் கொடுப்பாள். சரியில்லை என்றால் வீட்டுக்குள் என்ன சண்டை நடக்குமோ, அவர் வர மாட்டார். நீச்சல் தெரியாத மனுஷனை என் வாயை நம்பித்தான் அவள் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மதியம், ஒரு பேண்ட்டுக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தபோது போனைப் பார்த்தேன். அதுவரை பச்சையாக இருந்த இடம் மாறியிருந்தது. தெற்கிலிருந்து அலை. பதினாறு செகண்டு. ஞாயிறு மதியம் சென்னைக் கரைக்கு வந்து சேரும் என்று காட்டியது. பௌர்ணமித் தண்ணீர் இறங்குகிற நேரத்தில் அது வந்தால், கரைக்குச் சற்று முன்னால் தண்ணீருக்கடியில் இருக்கிற மணல் மேட்டில் அலை உடையும். நாங்கள் திரும்பி வருகிற வழி அதுதான். ஜிப்பைக் கோணலாகத் தைத்துவிட்டேன். பிரித்துத் திரும்பத் தைத்தேன். அதுவும் கோணல்.

வாட்ஸப்பில் எங்கள் நாலு பேர் குரூப்பில் எழுதத் தொடங்கினேன். நான் எழுத நேரமாகும். எழுதிக்கொண்டிருக்கும்போதே மச்சான் ஒரு படம் போட்டார். என் படம்தான், தலைக்கு மேல் மின்னல் ஒட்டி வைத்திருந்தார். கீழே: "இன்றைய வானிலை: மந்தைவெளி பாய் கடையில் இடியுடன் கூடிய பயம்." சார் சிரிக்கிற மூஞ்சி மூன்று போட்டார். படகுக்காரர் கூட ஒன்று போட்டார்.

ஐம்பது வயதாகிறது எனக்கு. எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். பெரிய வாத்தியார் ஒருவர், ஊரையே ஏற்றிக்கொண்டு ஓட்டுகிற டிரைவர் ஒருவர், கடலிலேயே பிறந்தவர் ஒருவர். ஏழாவது படித்தவன் என்ன சொல்ல? போய்ப் பாருங்கள் என்று நினைத்தேன். அந்த வார்த்தைகளையே நினைத்தேன், மறைக்கவில்லை.

ஆறு மணிக்குத் தங்கை கூப்பிட்டாள்.

"நாளைக்குக் கடல் எப்டிண்ணே கீது?"

பின்னால் மச்சானின் குரல் கேட்டது. "இன்னா சொல்றாரு வானிலை? குடை எடுத்துக்கினு போவணுமா?"

"நல்லாத்தான் கீது," என்றேன்.

"நெசமாவாண்ணே?"

"அதான் சொன்னேனே."

காலை ஐந்தரைக்குக் கரையில் இருந்தோம். நான் ஏன் போனேன்? அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. அவர்கள் பயப்படும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற கெட்ட ஆசையும் இருந்தது.

படகுக்காரர் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ராத்திரி ஏறின தண்ணீரின் ஈரம் வழக்கமான இடத்தைத் தாண்டி, படகுகளுக்குப் பின்னால் வரைக்கும் போயிருந்தது. வலைக்கயிறு நனைந்து கிடந்தது.

"ரொம்ப மேல ஏறிட்டுப் போய்க்கிது," என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா பாய்?"

நான் என் பையில் எதையோ தேடினேன். ஒன்றும் தேடவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எஞ்சினைக் கொண்டுவரப் போனார்.

உயிர்காக்கும் சட்டை மூன்று நான்தான் வாங்கி வைத்திருந்தேன். சார் போட்டுக்கொண்டார். மச்சான் வழக்கம் போல அதை மடித்துப் பலகை மேல் போட்டு உட்கார்ந்தார். "மெத்துன்னு கீது மச்சான்," என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாகச் சொல்வேன், நாலு தடவை சொல்வேன்.

மீன் விஷயம் நான் சொன்ன மாதிரியேதான். நங்கூரம் போட்டு நின்ற இடத்தில் தண்ணீர் வடக்கே ஓடியது. சாந்தோமுக்கு நேரே போட்ட தூண்டில் ராயபுரத்துக்குப் போனது. சார் ஈயத்தை மாற்றி மாற்றிக் கட்டினார். பதினொரு மணி வரைக்கும் நாலு கிழங்கான் மீனும் கைக்கு அடங்காத ஒரு கெளுத்தியும்தான். மேலே கடல் அமைதியாக இருந்தது. அது எப்படிப்பட்ட அமைதி என்று எனக்குத்தான் தெரியும். படகு ஒரே சீராக, மெதுவாக மேலே ஏறி, மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது, தூங்குகிற ஆளின் வயிற்றில் உட்கார்ந்திருப்பது போல. நான் ஒவ்வொரு ஏற்றத்தையும் எண்ணினேன். பதினாறு. பதினாறு. பதினைந்து.

"பாத்தியா மச்சான், எப்டி கீது கடலு? பாலு மாதிரி," என்றார் மச்சான். "இதுக்காடா நீ ஒரு வாரமா மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு இருந்தே?"

"திரும்பலாம்," என்றேன்.

"இப்பதானே வந்தோம்!"

"திரும்பலாம்னு சொல்றேன்!" என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. படகுக்காரர் உடனே நங்கூரத்தை இழுத்தார்.

கரையை நெருங்கியபோது அலைகளின் முதுகு தெரிந்தது. முன்பக்கம் தெரியவில்லை, உடைகிற சத்தம் மட்டும் வந்தது, லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி. கரையில் ஆட்கள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்கள். வா என்கிறார்களா, வராதே என்கிறார்களா, தெரியவில்லை. படகுக்காரர் எஞ்சினைக் குறைத்துக் காத்திருந்தார். பெரிய அலைகள் கூட்டமாக வந்தன, பிறகு சிறு இடைவெளி, திரும்பக் கூட்டம். இரண்டு தடவை விட்டார். மூன்றாவது இடைவெளியில் எஞ்சினை முறுக்கினார்.

மணல் மேட்டைத் தாண்டிவிட்டோம் என்றுதான் நினைத்தேன். பின்பக்கம் தூக்கியது. படகு குறுக்கே திரும்பியது. எல்லாம் வெள்ளையாக இருந்தது. நான் எழுந்தபோது தண்ணீர் இடுப்பளவுதான். இடுப்பளவுத் தண்ணீர்! சார் கண்ணாடி இல்லாமல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். படகு கவிழ்ந்து மணலில் அடித்துக்கொண்டிருந்தது. மச்சான் இல்லை. அவர் உட்கார்ந்திருந்த ஆரஞ்சுச் சட்டை தனியாக மிதந்து போய்க்கொண்டிருந்தது.

அவர் படகுக்கும் மணலுக்கும் நடுவில் இருந்தார். எத்தனை பேர் ஓடி வந்தார்கள், யார் தூக்கினார்கள், தெரியாது. அடுத்த அலை படகைத் தூக்கிய நேரம் பார்த்து இழுத்தார்கள். வாயிலிருந்து தண்ணீர் வந்தது, பிறகு கெட்ட வார்த்தை வந்தது. அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். வலது கால் முழங்காலுக்குக் கீழே இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று பேர் நின்றோம், மணலும் ஈரமுமாக. உள்ளே மச்சானுக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார்கள். சார் மெதுவாக ஆரம்பித்தார்.

"பாய், நீங்க வழக்கமா ஏதாவது சொல்லுவேளே. இந்தத் தடவை ஒண்ணுமே சொல்லலையேன்னு நெனச்சிண்டிருந்தேன்."

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

"கேட்டிருப்போமோ என்னமோ..."

படகுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்குக் காலையிலயே தெரிஞ்சிது பாய். மண்ணப் பாத்ததுமே. இது ஒரு மாதிரி கீதேன்னு. அப்பால உன் மூஞ்சியப் பாத்தேன். பாயே கம்முனு கீறாரு, நாம இன்னாத்துக்குக் கத்தணும்னு வுட்டுட்டேன்."

அங்கேதான் எனக்கு வெடித்தது. வராந்தா என்றும் பார்க்கவில்லை. "அப்போ எதுக்குய்யா சிரிச்சீங்க?" என்று கத்தினேன். "வருஷக்கணக்கா எதுக்கு சிரிச்சீங்க? பயப்படறதுக்கு ஒரு ஆள வெச்சிக்கினு, அவன் தலையில எல்லாத்தையும் ஏத்திட்டு, நீங்க ஜாலியா உக்காந்துக்கினு, அவனையே கிண்டல் பண்ணுவீங்க. அவன் ஒரு நாளு சும்மா இருந்தா, ஏன் சொல்லலன்னு கேப்பீங்க! எனக்குத் தெரியும். சனிக்கிழமையே தெரியும். பதினாறு செகண்டு. எழுதினேன், அழிச்சேன். போங்க, போய் இடியுடன் கூடிய பயம்னு போடுங்க!"

நர்ஸ் வந்து வெளியே போகச் சொன்னார். படகுக்காரர் என்னை முறைத்தார். கோபமா, வேறு எதுவா, அந்த முகத்தில் என்னால் பிரிக்க முடியவில்லை. அவர் எஞ்சின் மணலில் கிடந்தது. அதைப் பார்க்கக்கூடப் போகாமல் எங்களோடு வந்திருந்தார். நான் கத்தினதில் ஒரு வார்த்தையைக்கூட இன்றைக்கும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் சனிக்கிழமையே தெரியும் என்றதைக் கேட்க வேண்டிய ஆள் அங்கே இல்லை என்பது கத்தி முடித்த பிறகுதான் தெரிந்தது.

காலில் கம்பி வைத்தார்கள். திரும்ப பஸ் ஓட்ட மாதங்கள் ஆகும், பழைய மாதிரி மிதிக்க முடியுமா என்பதைப் பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். தங்கை அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். எட்டு நாள் நான் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. ஒன்பதாவது நாள் போனேன். மாடிப்படியில் கால் வைக்கும்போதே மேலேயிருந்து டிவி சத்தமும் மச்சானின் சிரிப்பும் கேட்டன. காலில் கம்பியோடு சிரிக்கிறார். எனக்கு அந்த நேரத்திலும் கோபம் வந்தது.

தங்கை சமையலறையில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். கதவருகே நின்றபடியே சொல்லிவிட்டேன். எனக்கு முன்னாலேயே தெரியும், கடல் நல்லா கீதுன்னு பொய் சொன்னேன், அவங்க சிரிச்சாங்க, ரோஷத்துல சொன்னேன். எல்லாம் ஒரே மூச்சில். எட்டு நாளாக இதைத் தலைக்குள் எத்தனை விதமாகவோ தைத்துப் பார்த்திருந்தேன். வெளியே வரும்போது தைக்காத துணி மட்டும்தான் வந்தது.

அவள் கிண்டுவதை நிறுத்தவில்லை. பிறகு அடுப்பை அணைத்தாள்.

"சிரிச்சது அவரு."

"ஆமா."

"உன்னக் கேட்டது நானு."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நான் எப்பண்ணே உன்னப் பாத்து சிரிச்சேன்?"

அவள் சிரித்ததே இல்லை. இத்தனை வருஷத்தில் என் கவலையைக் கவலையாகவே எடுத்துக்கொண்ட ஒரே ஆள் அவள்தான். பொய் சொல்ல எனக்குக் கிடைத்த ஆளும் அவள்தான்.

"தெரிஞ்சிக்கினே நீயும் ஏன் ஏறினே?" என்றாள்.

"அவங்கள வுட்டுட்டு இருக்க முடியல."

"ரெண்டு பேரும் போயிருந்தா?" குரல் அப்போதுதான் உடைந்தது. "ரெண்டு பேரும் போயிருந்தா நான் யாருகிட்ட வந்து இன்னா ஆச்சுன்னு கேட்டிருப்பேன்?"

உள்ளேயிருந்து மச்சான் குரல் கொடுத்தார். "யாரது, மச்சானா? வா மச்சான் வா! ஒளிஞ்சிக்கினு நிக்கிறியா? இன்னும் மாசக்கணக்கா உக்காந்த எடத்துலயேதான் நானு. வா, கதை பேசலாம்."

தங்கை கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றினாள். கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னிடம் நீட்டவில்லை. நான் நின்ற வாசலை விட்டு நகரும் வரை கிண்ணத்தோடு காத்திருந்தாள். நகர்ந்தேன். அவள் உள்ளே போய் மச்சானிடம், "அண்ணன் கெளம்பிடுச்சு," என்று சொல்வது கேட்டது.

நான் இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.